‘நல்ல காரியம்தான்… ஆனா நம்ம ஊர்ல எதுக்கு?’

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிறுத்தம் வரும். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் நிலையம். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யோசிக்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. காசநோயாளிகளை ஊரிலிருந்து விலக்கி, நல்ல காற்று வரும் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைக்குத்தான் சானடோரியம் என்று பெயர். அப்போது காட்டுப்பாங்காக இருந்த இந்த இடத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-ல் அதைத் தொடங்கினார். கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டபோது சில காலம் தங்கியிருந்த மெண்டிப் குன்று சானடோரியத்தை நடத்தியவரும் இதே சௌரிமுத்துதான். 1937-ல் தாம்பரம் மருத்துவமனையை அரசு எடுத்துக்கொண்டது. 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே மற்ற இடங்கள் தயங்கியபோது கதவைத் திறந்து வைத்திருந்ததும் அதுதான்.

காசநோய், அதன்பின் எச்.ஐ.வி. ஊர் அஞ்சி ஒதுங்கிய இரண்டு நோய்களும் ஒரே வளாகத்தில். அப்படியானால் அந்தப் பக்கம் மனை விலை படுத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? இன்று அங்கே அடுக்குமாடி விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுவதே ‘சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரம்’ என்பதைத்தான். ஏற்றுமதி மண்டலம் வந்தது, ஜி.எஸ்.டி. சாலை அகலமானது, ரயில் இருந்தது, விலை ஏறியது. மருத்துவமனை அங்கேயே இருக்கிறது.

ஏதாவது ஓர் ஊரின் எல்லையில் போதை மறுவாழ்வு மையமோ மனநலக் காப்பகமோ வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்தப் பேச்சு எழுந்த மறுநாள் டீக்கடையில் கேட்கும் வாக்கியம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ‘நல்ல காரியம்தான், வேண்டாங்கலை. ஆனா நம்ம ஊர்ல எதுக்கு?’ கையெழுத்து வாங்குகிறார்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கிறார்கள். மனுவில் இருக்கும் காரணங்களையும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம்: பெண்கள் தனியே போகும் பாதை, பக்கத்தில் பள்ளிக்கூடம், இரவில் தப்பி வெளியே வந்துவிட்டால் யார் பொறுப்பு, நிலத்துக்கு விலை போகாது, அமைதியான ஊர்.

இப்படிச் சொல்பவர்களை மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று நகரத்திலிருந்து ஏசுவது எளிது. அது நியாயமும் இல்லை. கிராமத்தில் இப்படி ஒரு மையம் வரும் விதத்தைப் பாருங்கள். தோப்பை யாரோ வாங்குகிறார்கள். என்னவென்று கேட்டால் ‘டிரஸ்ட்’ என்கிறார்கள். மதில் ஆளுயரத்துக்கு எழும்புகிறது, மேலே முள்கம்பி. ஒருநாள் பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். அன்றுதான் வார்டு உறுப்பினருக்கே விஷயம் தெரிகிறது. நிலம் மலிவு, கேட்பார் குறைவு என்பதற்காகவே தன் ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று ஊர்க்காரர் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. அவருடைய கோபம் சரியானது. அது யார்மேல் திரும்புகிறது என்பதில்தான் கோளாறு. மதிலைக் கட்டியவர்மேல் திரும்ப வேண்டியது, மதிலுக்குள் படுத்திருக்கப்போகும் நோயாளிமேல் திரும்புகிறது.

நோயாளி பக்கத்தில் இருந்தால் ஆபத்து என்ற அச்சத்தைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று உலகத்தில் உண்டு என்றால் அது சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்த முயற்சி. கேள்வி எளிமையானது: காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதாதா? ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, ஓய்வு, தாதியர் கவனிப்பு. மறுபாதி தங்கள் நெருக்கடியான வீடுகளில், பெண்டு பிள்ளைகளோடு. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து.

1959-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமடைந்திருந்தார்கள். அதைவிட முக்கியமானது பிறகு தெரிந்தது. குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களுக்கு அதனால் கூடுதல் தொற்று வந்ததாகத் தெரியவில்லை. மருந்து தொடங்கியதுமே பரவும் ஆபத்து விரைவாகக் குறைந்துவிடுகிறது. உண்மையான ஆபத்து, நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருந்த முந்தைய மாதங்களில்தான். உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இதைப் பள்ளிப் புத்தகத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டிய தர்க்கம் ஒன்று உண்டு. சிகிச்சை பெறுகிறவரைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். சிகிச்சை பெறாதவர் ஏற்கெனவே நம் தெருவில்தான் இருக்கிறார். அவரைக் கண்டு அஞ்சுவதில்லை, ஏனென்றால் அவர் தலைக்குமேல் பெயர்ப்பலகை இல்லை.

குடிக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் குடிப்பவர்கள் ஏறத்தாழ 16 கோடி என்றது. அதில் குடியால் பிரச்சினைக்கு ஆளாகி உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். உள்நோயாளியாகத் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-க்கு ஒருவர். மீதி 179 பேர் எங்கே இருக்கிறார்கள்? அதே பாதையில், அதே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், யாரோ ஒருவருக்கு அப்பாவாக, அண்ணனாக, மாமாவாக.

அமைதியான ஊரில் அந்நியர்கள் வருவார்கள் என்ற அச்சம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து கிளிபர்ன் என்ற சிறு நகரத்தின் கதை அங்கே சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. 1980-ல் ஃபெதர்ஸ்டன் தெருவில் நான்கு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றை ஒருவர் வாங்கினார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 13 ஆண்களும் பெண்களும் எந்நேரமும் பணியாளர் மேற்பார்வையில் தங்கும் இல்லமாக அதை நடத்துவது திட்டம். நகராட்சி தனி அனுமதி வாங்கச் சொன்னது. அந்த ஊர்ச் சட்டத்தில் மனநோயாளிகள், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள், குடிகாரர்கள், போதைக்கு அடிமையானவர்கள் ஆகியோருக்கான மருத்துவமனை என்று எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். இந்த இல்லத்தையும் அதில் போட்டார்கள். அனுமதி கேட்டபோது நகர மன்றம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் மறுத்தது.

மறுப்புக்குச் சொன்ன காரணங்கள் நம் ஊர் மனுக்களின் மொழிபெயர்ப்புபோல இருக்கும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. எதிரே நடுநிலைப் பள்ளி இருக்கிறது, மாணவர்கள் இவர்களைக் கேலி செய்வார்கள். 13 பேர் அதிகம். அப்புறம் ஒன்று, இதைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்காது: அந்த இடம் ஐநூறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய பகுதியாம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்தது. சட்ட நுணுக்கத்தில் நீதிபதிகள் வேறுபட்டாலும், அனுமதி மறுத்தது செல்லாது என்பதில் ஒன்பது பேரும் ஒன்றுபட்டார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பள்ளி மாணவர்களைப் பற்றிக் கவலையா? அதே பள்ளியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள சுமார் 30 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளமா? அதே மனையில் முதியோர் மருத்துவ இல்லமோ மருத்துவமனையோ கட்டினால் தனி அனுமதி தேவையில்லை. வெள்ளம் வந்தால் முதியவர்களை விட்டுவிடுமா? எண்ணிக்கையா? அதே வீட்டில் கல்லூரி மாணவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கலாம். உண்மையான காரணம் வேறு என்று தெளிவாயிற்று. அண்டை வீட்டாரின் பிடிக்காமையோ அச்சமோ மட்டும் ஒரு நகராட்சியின் முடிவுக்கு அடிப்படையாக முடியாது என்றது தீர்ப்பு.

இந்தச் சோதனையை எந்த ஊர்க்காரரும் தானாகவே செய்து பார்க்கலாம். மனுவில் எழுதிய காரணத்தை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்தால் இதைச் சொல்வோமா என்று கேட்டுப் பார்க்கலாம். இரவுச் சத்தம், வண்டி நெரிசல், கழிவுநீர், குடித்துவிட்டு வெளியே சண்டை. எல்லாம் மண்டபத்தில்தான் அதிகம். மண்டபத்துக்கு யாரும் மனு கொடுப்பதில்லை.

மண்டபத்தை விடுங்கள், மதுக்கடைக்கு வருவோம்.

மதுக்கடையை எதிர்க்கும் போராட்டத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களுக்கு ஈடு சொல்ல ஆளில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளை ஊருக்குள்ளே திறக்கப் பார்த்தபோது மாவட்டம்தோறும் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணை அறைந்த காட்சியை நாடே பார்த்தது. ஆனாலும் அவர்கள் விடவில்லை. அந்தப் பெண்கள் சொன்ன காரணங்களும் பாதை, பள்ளிக்கூடம், பிள்ளைகள்தான். அங்கே அந்தக் காரணங்கள் அனைத்தும் உண்மை.

கடையை எதிர்த்த அதே ஊர், கடையால் விழுந்தவனைத் தூக்கி நிறுத்தும் மையத்தையும் அதே காரணங்களைச் சொல்லி எதிர்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்து 2016-ல் வெளியாகியிருக்கிறது. போதைச் சிகிச்சை மையங்களைச் சுற்றி நடந்த வன்முறைக் குற்றங்களையும், மதுக்கடைகள், தெருமுனைக் கடைகள் ஆகியவற்றைச் சுற்றி நடந்தவற்றையும் எண்ணிப் பார்த்தார்கள். சிகிச்சை மையங்களின் பக்கம் நடந்தவை தெருமுனைக் கடைகளின் பக்கம் நடந்தவற்றைவிடக் குறைவு; மதுக்கடைகளின் பக்கம் நடந்தவற்றைவிட அதிகமும் இல்லை. பால்டிமோர் பெருநகரம், நம்முடையது கிராமம், அப்படியே பொருத்த முடியாது என்று சொன்னால் சரிதான். ஆனால் மையம் வந்தால் குற்றம் பெருகும் என்று அடித்துச் சொல்பவரிடம் இந்த அளவுகூட எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை.

அரசின் கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த அரசு நிறுவனமான டாஸ்மாக், 2023-24-ல் அரசுக்கு ஈட்டித் தந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் மிஞ்சியவை 4,829. கிராமத்தில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 100 மீட்டர் தள்ளிக் கடை வைத்தால் போதும் என்கிறது விதி. அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் 2025-ல்தான் வந்தன. 4,829-க்கு 25. இந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மையம் வேண்டாம் என்று மனு கொடுக்க ஊருக்கு எப்படி மனசு வரும்?

இனி, எதிர்ப்பவர்கள் பக்கம் இருக்கும் பலமான வாதத்துக்கு வரலாம். இப்படிப்பட்ட இல்லங்களில் கொடுமை நடக்கிறதே, அதற்கு என்ன பதில்? நடக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

ஏர்வாடியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். மனநலம் குன்றியவர்கள், ஆதரவற்றவர்கள், குடிநோயாளிகள். பல ஆண்டுகளாக நடந்த இடம், முறையான பதிவு இல்லை. உள்ளே அடி, உதை, பாலியல் கொடுமை என்று புகார்கள் வந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அது வெளியே தெரிந்ததே, காணாமல்போன முதியவர் ஒருவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவால்தான்.

இந்த இரண்டு இடங்களையும் பார்த்து, ‘அதனால்தான் வேண்டாம் என்கிறோம்’ என்று சொல்வது வழக்கம். ஆனால் அங்கே என்ன குறை இருந்தது என்று யோசித்தால் வேறொன்று தெரியும். ஊரும் அதிகாரியும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நோயாளியின் சொந்தக்காரர் மாதப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார். மதில், தூரம், மௌனம் என்ற மூன்றும் சேர்ந்தால் எந்த இல்லமும் கெட்டுப்போகும். இன்று ஒரு மையத்தை எதிர்த்து விரட்டினால் அது மறைந்துபோவதில்லை. இன்னும் உள்ளே, இன்னும் ஆளில்லாத ஒரு தோப்புக்குப் போகிறது. மதில் இன்னும் இரண்டு அடி உயர்கிறது. ஊர் எதைக் கண்டு அஞ்சியதோ அதைத் தன் விரட்டலாலேயே உண்டாக்கிவிடுகிறது.

சட்டம் ஊரின் கையில் போதுமான ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. எனவே ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் போதை மறுவாழ்வு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் ஐந்து லட்சம் வரை போகும். சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் குற்றம். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மனநோயாளிக்குச் சமூகத்தில் ஒருவராக வாழவும் ஒதுக்கிவைக்கப்படாமல் இருக்கவும் உரிமை உண்டு என்கிறது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பாதி வழி இல்லங்களையும் குழு இல்லங்களையும் ஏற்படுத்துவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அந்த இல்லங்கள் வானத்தில் கட்டப்படப்போவதில்லை. ஏதோ ஓர் ஊரில்தான் வர வேண்டும்.

ஆகவே ஊர் கேட்க வேண்டியவை இவை. பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? எத்தனை படுக்கை, எத்தனை பணியாளர், இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? நோயாளி தானாகச் சேர்ந்தாரா, அல்லது வீட்டார் போன் செய்ததும் ஆள் அனுப்பி வண்டியில் தூக்கி வந்தீர்களா? தீப்பிடித்தால் எந்த வழி? கழிவுநீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது? மாதம் ஒருநாள் ஊர்க்காரர் உள்ளே வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிற நிர்வாகத்தை எதிர்க்கலாம். உரக்கவே எதிர்க்கலாம். அப்படிப்பட்ட எதிர்ப்பை ஏர்வாடியில் யாராவது காட்டியிருந்தால் 28 பேரில் சிலராவது இன்று இருந்திருப்பார்கள்.

கதவைத் திறந்த ஊர்களும் நம்மிடம் உண்டு. திருவாரூர் மாவட்டத்தில் குடவாசல் பக்கம் மஞ்சக்குடி என்று ஒரு கிராமம். சென்னையில் 1980-ல் குடிநோய்க்கென்று மருத்துவமனை தொடங்கிய சாந்தி ரங்கநாதனும் அவருடைய குழுவினரும் 1989-ல் அங்கே ஒரு முகாம் போட்டார்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் சாந்தி. நோயாளி கிராமத்தை விட்டுச் சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்க முடியாது, கூலி போய்விடும். மருத்துவமனை கிராமத்துக்குப் போனால் என்ன என்பதுதான் யோசனை. ஊரில் ஏற்கெனவே மதிப்புள்ள ஓர் அறக்கட்டளை முன்னின்று நடத்த, ஊருக்குள்ளேயே பதினைந்து நாள் தங்கிச் சிகிச்சை. மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனி அமர்வுகள். முகாம் முடிந்த பின்னும் மாதக்கணக்கில் தொடர்கவனிப்பு.

குடியை விடும்போது கை நடுங்குகிறவனை, இரவெல்லாம் தூங்காமல் புலம்புகிறவனை ஊரே பார்த்தது. பார்த்ததனால்தான் அது நோய் என்று புரிந்தது. சீர்கெட்டவன் என்று பெயர் வாங்கியவன் பதினாறாம் நாள் அதே தெருவில் வேலைக்குப் போவதையும் பார்த்தது. இந்த அனுபவம் 1994-ல் பன்னாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் ‘மஞ்சக்குடி அனுபவம்’ என்ற தலைப்பிலேயே கட்டுரையாக வந்தது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்திருந்தது. ஒரு சோழநாட்டுச் சிற்றூரின் பெயர் குடிநோய் ஆராய்ச்சியில் இடம்பிடித்ததற்கு அந்த ஊர் கதவைச் சாத்தாததுதான் காரணம்.

மனநலத்தில் இதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட, திரும்பிப் போக வீடில்லாத பெண்களை 2015 முதல் சாதாரண வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்துகிறது. பெயர்ப்பலகை இல்லை, மதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்போலவே மளிகைக் கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். கிராமங்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. வேறு மாநிலங்களுக்கும் இந்த முறை போயிருக்கிறது.

ஊரின் அமைதி கெடும் என்பவர்கள் ஒருமுறை வேலூர் பக்கம் கரிகிரிக்குப் போய்வரலாம். தொழுநோய் மருத்துவமனைக்காக 1950-களில் கிடைத்தது கல்லும் வெயிலுமான வறண்ட நிலம். அங்கே பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிட்சிக்கு மரம் நடுவதில் பித்து. நோயாளிகளின் கையைச் சீர்செய்த அதே கையால் வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கி, ஆண்டுக்கணக்கில் கன்று வைத்தார். இன்று அந்த வளாகம் மரங்களடர்ந்த நிழல். பறவைச் சத்தத்தைத் தவிர அதிகம் கேட்காது.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர் எல்லையில் ஒரு தோப்பைச் சுற்றி மதில் எழும்பிக்கொண்டிருந்தால், ‘வேண்டாம்’ என்ற தீர்மானத்தை எழுதுவதற்கு முன் அதை நடத்தப்போகிறவரையும் அவருடைய மருத்துவரையும் அடுத்த சபைக்கு வரச் சொல்லுங்கள். மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.